கண்ணாடிக்காரர் கை நின்றதா?

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றைம்பது. கண்ணாடிக்காரர் வட்டிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு.

"இதுல வட்டி சேர்க்கலை. வட்டியை விட்டுட்டேன்," என்றார் வட்டிக்காரர். "மனுஷனுக்கு உடம்பு சரியில்லை பாருங்க."

வட்டியை விட்ட வட்டிக்காரரைத் தாளம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தான். மீன்கடையில் பூனை பட்டினி கிடக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக்கூட நம்பியிருப்பான்.

தாளம் என்பது ஊர் வைத்த பெயர். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போன பிறகு, அக்காவின் நச்சரிப்பால் அக்கா புருஷனுடைய துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளாக ஒட்டிக்கொண்டவன். கையில் எது கிடைத்தாலும் தட்டுவான். மேசை, டப்பா, கதவு, எதையும் விட மாட்டான். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் நாற்காலிக் கையைத் தட்டி, வெளியே வந்ததும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்.

அலுவலகம் ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்க வெந்நீர்த் தொட்டி கொதிக்கும், மேலே தரை சுடும். வந்து உட்காருகிறவர்கள் கால் மாற்றிக் கால் தூக்கிக்கொண்டு, சொல்ல வந்த உண்மையைச் சட்டென்று கொட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். 'இந்தத் தரைதான் நம்ம பாதி மூலதனம்' என்பான் தாளம்.

வட்டிக்காரர் காலைத் தூக்கவில்லை. சுவரில் பூசிய முகம் மாதிரி ஒரு சுருக்கமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த வலது கையில் மட்டும் கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருந்தது, யார் கண்ணுக்கும் தெரியாத நோட்டுக் கட்டு ஒன்றை எண்ணுவது போல.

"அண்ணனுக்குத் தூங்கும்போதும் எண்ணிக்கைதான் போலிருக்கு," என்றான் தாளம்.

"தொழில்," என்றார் வட்டிக்காரர். சிரிக்கவில்லை.

"கடன் வசூல் நாங்க பண்றதில்லைங்க," என்றார் நிதானம்.

"வசூல் பண்ணச் சொல்லலை. எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். அவன் கை நின்னுச்சா, இல்லையா?"

விஷயம் இதுதான். கண்ணாடிக்காரருக்கு நடுக்குவாதம். பார்க்கின்சன் என்று டாக்டர்கள் பெயர் சொன்னார்கள். கண்ணாடி வெட்டுகிறவன் கை நடுங்கினால் கடையில் இருப்பதெல்லாம் சில்லுதான். கடன் வாங்கினார். கெடு வந்தது. வட்டிக்காரர் கடைவீதியில் நாலு பேர் பார்க்க மறித்தபோது, கண்ணாடிக்காரர் ஆடுகிற கையைத் தூக்கிக் காட்டி, 'இது நிக்கிற அன்னைக்கு நானே வந்து எண்ணி வெக்கிறேன், போதுமா?' என்றார். காக்கை வெள்ளையாகிற அன்றைக்கு என்பது போலத்தான் அதுவும். கூட்டம் சிரித்தது. வட்டிக்காரரும் வேறு வழியில்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டார்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் புதுசாக ஒரு வைத்தியத்துக்கு ஆள் சேர்த்தார்கள். மண்டையில் சின்னத் துளை போட்டு மூளைக்குள் மருந்து விட்டார்கள். அதிலிருந்து கண்ணாடிக்காரர் கடையை விட்டு வெளியே வருவதே இல்லை.

"ஆஸ்பத்திரியில காவல்காரர், கட்டுப் போடுறவர், வண்டி தள்ளுறவர், எல்லாரும் நமக்கு வாடிக்கைதான்," என்றார் வட்டிக்காரர். "கேட்டுப் பார்த்தேன். கையைக் காட்டக்கூட அவன் அந்தப் பக்கம் வரலையாம்."

நிதானத்துக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. ஆளைத் தட்டிக் கழிக்க அவரிடம் ஒரு வழி உண்டு. கூலியை ஆகாயத்தில் ஏற்றிச் சொல்வார்.

"முப்பதாயிரம் ஆகும். பாதி முன்பணம்."

"சரி," என்றார் வட்டிக்காரர். பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டைப் பிரிக்கவில்லை, எண்ணவில்லை. எழுந்தார், போய்விட்டார்.

தாளம் கட்டை மூன்று தடவை எண்ணினான். "மாமா, பதினஞ்சு சொன்னோம். பதினாறு இருக்கு. இனிமே நம்ம கட்சிக்காரங்க எல்லாரும் வட்டிக்காரங்களாவே இருக்கட்டும்."

நிதானம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், மூன்று கதவு தாண்டி, ஆராய்ச்சிக் கூடம். கதவுக்குக் கதவு கை கழுவச் சொன்னார்கள். "உள்ளே போறதுக்குள்ள ரேகை அழிஞ்சிடும்," என்று முணுமுணுத்தான் தாளம்.

உள்ளே டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவை மூடாமலே நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தாள். நிதானம் வணக்கம் சொல்லி, வேலையைச் சொல்லி முடித்தார்.

"நோயாளிங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்," என்றாள்.

"வேண்டாம். வைத்தியத்தைப் பத்திச் சொல்லுங்க."

அதைக் கேட்டதும் அவள் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. தாளத்தைப் பிடித்து இழுத்து நுண்ணோக்கியில் குனிய வைத்தாள். பச்சையாக, காலும் கையும் பரப்பிக்கொண்டு, நட்சத்திரம் நட்சத்திரமாகக் கிடந்தது.

"இது நட்சத்திர செல். மூளையில நரம்பு செல்லுக்குப் பணிவிடை பண்றது. சாப்பாடு கொண்டு போகும், தண்ணி கொண்டு போகும், குப்பை அள்ளும்."

"சித்தாள்," என்றான் தாளம்.

"அதேதான்! நரம்பு செல் கொத்தனார். அதுல ஒரு வகை டோபமின்னு ஒரு சரக்கு செய்யும். அந்தச் சரக்கு இருந்தாத்தான் கை காலு சொன்னபடி கேக்கும். பார்க்கின்சன்ல அந்தக் கொத்தனாருங்க ஒவ்வொருத்தரா செத்துப் போயிடறாங்க. சித்தாளுங்க மட்டும் வேலையில்லாம நிக்கிறாங்க."

"சித்தாளுக்கும் வேலை தெரியுமே டாக்டரம்மா. கூட நின்னு பார்த்தவன்தானே?"

"தெரியும். ஆனா 'கரண்டியைத் தொடாதே, உன் வேலையைப் பாரு'ன்னு உள்ளே ஒரு புரதம் அதட்டிக்கிட்டே இருக்கு."

"மேஸ்திரி."

"மேஸ்திரிதான். நாங்க விடற மருந்து அந்த மேஸ்திரி வாயைக் கட்டிடும். அதட்டல் நின்னதும் சித்தாள் மெதுவா கரண்டியை எடுக்கிறான். மாசக்கணக்கு ஆகும். ஆனா ஒரு நாள் கொத்தனாராவே ஆயிடறான்."

தாளம் தலையைத் தூக்கினான். "கூலி?"

"என்ன கூலி?"

"வேலை கொத்தனார் வேலை. கூலி இன்னும் சித்தாள் கூலிதானா?"

டாக்டரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "மச்சான், உன் தொழிற்சங்கத்தை வாசலோட நிறுத்திக்கோ," என்றார் நிதானம். பிறகு மெல்லக் கேட்டார்: "இது பலிச்சிருக்காம்மா?"

சிரிப்பு நின்றது. "எனக்குத் தெரியாதுங்க. நான் செல்லைப் பார்க்கிறவ, கையைப் பார்க்கிற டாக்டர் வேற. ஒருத்தர் கண்டதை இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு கட்டுப்பாடு. ஆனா ஒண்ணு மட்டும் காதுல விழுந்துச்சு. மருந்து போட்டதே விரல் விட்டு எண்ணுற பேருக்கு. அதுல ஒருத்தர் கையைக் காட்டவே வர மாட்டேங்கிறார். வெள்ளிக்கிழமை பெரியவங்க கூடறாங்க. அதுக்குள்ள அவர் வரலைன்னா, அவர் பேருக்கு நேரா 'பலிக்கலை'ன்னு எழுதிடுவாங்க. இருக்கிறதே கொஞ்சம் பேர், அதுல ஒண்ணு போனா இந்தக் கூடத்தையே மூடிடுவாங்க. வெளியே எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா?"

தாளம் தட்டிக்கொண்டிருந்த மருந்துப் பெட்டியிலிருந்து கையை எடுத்தான்.

"நோய்ல வர்ற நடுக்கத்தையும் நடிக்கிற நடுக்கத்தையும் எப்படிப் பிரிக்கிறது?" என்றார் நிதானம்.

"கையை மடியில சும்மா போட்டு வெச்சிருந்தா நோய் நடுக்கம் ஆடும். எதையாவது எடுக்க நீட்டினா பெரும்பாலும் அடங்கும். அடங்கி, மறுபடி மடிக்கு வந்ததும் ஆரம்பிக்கும். நடிக்கிறவங்களுக்கு இது தெரியாது. தலைகீழா பண்ணுவாங்க." வாசல் வரைக்கும் வந்தவள் நிதானத்தின் காதோடு இன்னும் ஏதோ சொன்னாள். தாளத்துக்கு அது கேட்கவில்லை. அவன் மூன்றாவது கதவில் கை கழுவிக்கொண்டிருந்தான். வெளியே போவதற்குக் கழுவ வேண்டியதில்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கண்ணாடிக் கடைக்குள் நுழைந்ததும் தாளம் திடுக்கிட்டான். நாலு பக்கமும் அவனே நின்றான். சுவரெல்லாம் கண்ணாடி சாய்த்து வைத்திருந்தது.

"இத்தனை பேருக்கு நடுவுல நான்தான் கொஞ்சம் அழகா இருக்கேன் மாமா."

"கண்ணாடிக்குப் பேசத் தெரியாது, அதனால நீ தப்பிச்சே."

மரமேசைக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஆள் வந்ததைப் பார்த்ததுமே வலது கை கிளம்பிவிட்டது. கல்யாண வீட்டில் விசிறி வீசுகிற மாதிரி ஓர் ஆட்டம். அவர் சம்சாரம் உள்ளே இருந்து தேநீர் கொண்டு வந்தாள்.

"ஒரு நிலைக்கண்ணாடி வேணும்," என்றார் நிதானம்.

"இருக்கிறதை எடுத்துக்கலாம். அளவுக்கு வெட்டித் தர முடியாதுங்க. பாருங்களேன்." கையைத் தேநீர்க் கோப்பைக்கு நீட்டினார். கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. பாதித் தேநீர் மேசையில் கொட்டியது.

"விடுங்க, நான் தர்றேன்," என்று சம்சாரம் கோப்பையை வாங்கி வாயில் வைத்துவிட்டாள். அவர் குழந்தை மாதிரிக் கண்ணை மூடிக் குடித்தார்.

நிதானம் ஒரு கண்ணாடியை ரசிப்பது போலத் திரும்பி நின்றுகொண்டார். தாளமும் திரும்பினான். எதிர்க் கண்ணாடியில், இவர்கள் முதுகு மட்டும்தான் தெரிகிறது என்ற நம்பிக்கையில் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். கை மடியில் கிடந்தது. செத்த பல்லிகூட அவ்வளவு அசையாமல் கிடக்காது.

தாளம் வாயைத் திறப்பதற்குள் நிதானம் அவன் காலை மிதித்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"மச்சான், தட்டு."

"என்னது?"

"மேசையைத் தட்டு. உன் இஷ்டத்துக்கு."

வாழ்க்கையில் ஒரு நாள் அனுமதி கிடைத்தவன் விடுவானா? மேசை ஓரத்தில் குந்தி, தக்கிட தகதிமி என்று ஆரம்பித்தான். பழைய மரமேசை, நல்ல நாதம். கண்ணாடிகள் மெல்லச் சிணுங்கின.

"அண்ணே, நீங்களும் இடது கையால கூடச் சேர்ந்து போடுங்களேன். அது நல்லாத்தானே இருக்கு?" என்றார் நிதானம்.

கண்ணாடிக்காரருக்கு வாய் காதுவரை போயிற்று. யாரும் பேச்சுத் துணைக்குக்கூட வராத கடை அது. இடது கையால் மேசையைத் தட்டினார். தாளம் வேகத்தைக் கூட்டினான், அவரும் கூட்டினார். கூடவே வலது கையின் நடுக்கமும் கூடியது. தாளம் இழுத்து இழுத்து நிதானமாகப் போட்டான். நடுக்கமும் இழுத்து இழுத்து நிதானமாக ஆடியது. பாட்டு முடிகிற மாதிரி ஒரு தீர்மானம் வைத்து, கடைசி அடி அடித்து, கையைத் தூக்கி நிறுத்தினான்.

நடுக்கம் நின்றது. சரியாகக் கடைசி அடியில்.

சுற்றிலும் இருந்த கண்ணாடிகள் எல்லாவற்றிலும் கண்ணாடிக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா காதோட சொன்னாங்க. நோய் நடுக்கத்துக்குச் சொந்த நடை உண்டு அண்ணே," என்றார் நிதானம். "நீங்க எந்தத் தாளத்தைத் தட்டினாலும் அது தன் பாட்டுக்குப் போகும். நடிப்புக்குச் சொந்தக் கால் கிடையாது. பக்கத்துல யார் நடந்தாலும் பின்னாலயே போயிடும்."

"நான் பக்கவாத்தியம் வாசிச்சு ஒரு ஆளைக் குணப்படுத்திட்டேன் மாமா," என்றான் தாளம்.

ஆனால் பேச்சு அவர்கள் கையில் இல்லை. சம்சாரம் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நின்னுடுச்சா?"

"அது... கொஞ்சம் கொஞ்சமா..."

"எப்ப நின்னுச்சு?"

"மழைக்கு முன்னாடியே..."

"மழைக்கு முன்னாடியே! நான் இன்னைக்குக் காலையில சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேனே! நேத்து ஊட்டிவிட்டேனே! முதுகு தேய்ச்சுவிட்டேனே!"

"நீ ஆசையா பண்ணே, அதைக் கெடுப்பானேன்னு..."

அடுத்த கொஞ்ச நேரத்தில் அவள் பேசியதை எழுதினால் காகிதம் தாங்காது. தாளம் ஒரு நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கடைசியில் அவள் மூச்சு வாங்கி முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அழுகிறாளா, கை நின்ற சந்தோஷத்தில் அழுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார் கண்ணாடிக்காரர், நிதானத்தைப் பார்த்து. "கை நிக்கிற அன்னைக்கு எண்ணி வெக்கிறேன்னு வீதியில நின்னு வாய் விட்டுட்டேன். எண்ண எங்கே இருக்கு? கடை திறந்தாத்தான் காசு. கடை திறந்தா கை நின்னது தெரிஞ்சிடும். ஆஸ்பத்திரிக்குப் போனா, நான் படி இறங்குறதுக்குள்ள காவல்காரன் வட்டிக்காரருக்குச் சொல்லிடுவான். கடையையே எழுதி வாங்கிடுவாருங்க."

"நீங்க போகலைன்னா வெள்ளிக்கிழமையோட அந்தக் கூடத்தை மூடிடுவாங்க. உங்களுக்கு அப்புறம் யாருக்கும் கை நிக்காது."

கண்ணாடிக்காரர் தன் கையை இன்னொரு தடவை பார்த்தார். "அது எனக்குத் தெரியாதுங்க," என்றார். "சத்தியமா தெரியாது."

வெளியே வந்ததும் தாளம் துள்ளினான். துள்ளினால் இடுப்பு பிடிக்கும் என்பது துள்ளிய பிறகுதான் ஞாபகம் வந்தது. "கேஸ் முடிஞ்சுது மாமா! வாங்க, மிச்சக் காசை வாங்கிட்டு வந்துடலாம்."

"பாதிதான் முடிஞ்சிருக்கு," என்றார் நிதானம். "எண்ண வேண்டிய நேரத்துல வட்டிக்காரர் ஏன் எண்ணலை?"

வட்டிக்காரரின் கடை ஒற்றை அறை. இரும்புப் பெட்டி, மேசை, நாற்காலி. வந்தவர் உட்கார்ந்துவிடக் கூடாது என்று இன்னொரு நாற்காலி போடவில்லை. இவர்கள் நுழைந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நின்னுச்சா?"

நிதானம் மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பைக் காட்டினார். "தாகமா இருக்கு. அதைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

மடியில் எண்ணிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. கை நீண்டது, செம்பை எடுத்தது, கொடுத்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கை மடிக்குத் திரும்பியது. இரண்டு மூச்சு கழித்துக் கட்டைவிரல் மறுபடி எண்ண ஆரம்பித்தது.

டாக்டரம்மா சொன்னது அப்படியே கண்முன்னால் நடந்தது.

"நீங்க எண்ணலை," என்றார் நிதானம். "கை எண்ணுது. கட்டை எடுத்து வெச்சீங்களே அன்னைக்கு, அதை எண்ணலை. சும்மா உக்காந்திருந்தப்ப எண்ணினீங்க. எந்த வட்டிக்காரரும் அப்படித் தலைகீழா பண்ண மாட்டார். முப்பதாயிரம் கேட்டேன், பேரம் பேசலை. முப்பத்தெட்டு வாங்குறதுக்கு முப்பது செலவு பண்றவர் பணத்துக்காக வரலை. அவர் கை நின்னா உங்க கையும் நிக்குமான்னு கேக்க வந்தீங்க."

வட்டிக்காரர் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டார். பேசியபோது குரல் பாதியாகியிருந்தது.

"தொழில்னு நினைச்சுட்டாங்க எல்லாரும். நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். போன வருஷத்துல இருந்து இருக்கு. யார்கிட்ட காட்டச் சொல்றீங்க? ஆஸ்பத்திரி முழுக்க என் கடன்காரங்க. வட்டிக்காரன் கை ஆடுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் தருவானா? 'உங்க கை நிக்கட்டும், தர்றோம்'பான்."

"நல்லா இருக்கு கதை," என்றான் தாளம். "அவர் கை நின்னது தெரியக்கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போகலை. நீங்க கை நிக்கலைன்னு தெரியக்கூடாதுன்னு போகலை. நடுவுல டாக்டரம்மா கடையைச் சாத்துறாங்க."

"சாத்துறாங்களா?"

நிதானம் விவரம் சொன்னார். கண்ணாடிக்காரர் கை நின்றுவிட்டது என்பதையும், வெள்ளிக்கிழமையையும். வட்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அந்த மடையன் போய்க் கையைக் காட்டணும்! நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லுங்க. நானே வர்றேன்னு சொல்லுங்க!" இரும்புப் பெட்டியைத் திறந்தார். "உங்க மிச்சம் பதினஞ்சு. அன்னைக்குக் கட்டுல ஒண்ணு கூடப் போயிருக்கும், அதைக் கழிச்சா பதினாலு. ஒரு வேலைக்கு ரெண்டு நாள்தானே ஆச்சு? பன்னிரண்டு வெச்சுக்கக் கூடாதா?"

"மாமா," என்றான் தாளம் மெதுவாக, "ஆள் தேறிட்டார்."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி நடைபாதையில் பெஞ்சு நிறைய ஆட்கள். கண்ணாடிக்காரரைச் சம்சாரம் கையைப் பிடித்து இழுத்து வந்து உள்ளே தள்ளியிருந்தாள். பொத்தான் அவரே போட்டது, ஒன்று மாறி ஒன்று. வட்டிக்காரர் எதிர்ப் பெஞ்சில் கையைச் சட்டைப் பைக்குள் புதைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததைப் பார்த்ததும் கட்டுப் போடுகிறவருக்கு அவசரமாகக் கட்டு ஞாபகம் வந்தது. வண்டி தள்ளுகிறவர் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

கதவு திறந்தது. கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். யாரிடமும் எதுவும் பேசாமல் மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையில் ஒரு குவளையை விளிம்புவரை, இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழியும் என்கிற அளவுக்கு நிரப்பி, நடைபாதை முழுக்க நடந்து வந்து, வட்டிக்காரர் முன்னால் நீட்டினார். தரையில் ஈரம் இல்லை.

வட்டிக்காரர் குவளையையே பார்த்தார். இடது கையால் வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார்.

பின்கட்டுப் பக்கத்திலிருந்து டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். பெரியவர்கள் கூட்டம் முடிந்திருந்தது. மூடுகிற பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம், அடுத்த ஆட்களைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று தெரியாமல் தாளத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "சித்தாளுங்க பிழைச்சாங்க!" என்றாள்.

"கூலியை மறந்துடாதீங்க," என்றான் தாளம்.

காவல்காரர் கதவருகில் நின்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வட்டிக்காரர் எழுந்தார். காவல்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் விதி விதிதான்.

"முதல் தடவை பார்க்கிறவங்களுக்குத் துணை ஆள் இல்லாம உள்ளே விட மாட்டாங்க முதலாளி. துணைக்கு யாரு?"

வட்டிக்காரர் நடைபாதையைப் பார்த்தார். அவர் பார்வை போன இடமெல்லாம் தலைகள் குனிந்தன. அவருக்கு வீட்டில் யாரும் இல்லை. வெளியே இருப்பவர்கள் எல்லாரும் கடன்காரர்கள். நிதானம் ஓர் அடி எடுத்து வைத்தார், ஆனால் அவர் அடி எடுத்து வைத்து முடிப்பதற்கு நேரம் ஆகும்.

வட்டிக்காரர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "அந்த முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றைம்பது..."

"தர்றேங்க. நாளைக்குக் கடை திறக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமா..."

"விட்டுட்டேன்யா. முழுசா. இத்தனை பேர் கேக்கச் சொல்றேன். உனக்கும் எனக்கும் ஒரு பாக்கியும் இல்லை. நீ கிளம்பு."

கண்ணாடிக்காரர் அவர் வாயையே பார்த்தார். சம்சாரத்தைப் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படிவரை போனார். யாராக இருந்தாலும் அப்படித்தான் போவார்கள் என்று தாளம் நினைத்தான், அவனாக இருந்தால் ஓடியே இருப்பான். முதல் படியில் கால் வைத்தவர் நின்றார். திரும்பி வந்து வட்டிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்னய்யா? போன்னு சொன்னேனே?"

"கடன் இருக்கிற வரைக்கும் உங்க பக்கத்துல நிக்கவே பயம். இப்பத்தான் இல்லையே," என்றார் கண்ணாடிக்காரர். காவல்காரரிடம் சொன்னார்: "துணை நான்தான்."

"என்ன உறவுன்னு கேப்பாங்க."

தாளத்தின் நாக்கு நுனியில் ஒரு பதில் துள்ளியது. நிதானம் பார்த்த பார்வையில் அது அப்படியே உள்ளே போய்விட்டது.

"தெரிஞ்சவர்னு சொல்லு," என்றார் கண்ணாடிக்காரர்.

வட்டிக்காரர் சட்டைப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். அது நடைபாதையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் ஆடியது. அதை அவர் மறைக்கவில்லை. ஆட விட்டபடியே உள்ளே போனார்.